லுவான் வீட்டு ஏற்பு மகள்

அந்த வசந்தத்தில் பெய்ஜிங்கில் கண்ணில் பட்ட சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்தார்கள். தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும்தான். முற்றத்தைப் பார்த்த பக்கத்தை யாரும் தொடவில்லை. ஆகஸ்டில் உலகமே ஓடவும் தாண்டவும் வரப்போகிறது என்று, முனையில் எண்ணெய்ப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த தம்பதியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் லிகாயா காலையில் சோயாப் பால் வாங்க இன்னும் கொஞ்சம் தூரம் போகவேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் லுவான் அம்மா விழித்துக்கொண்டு தனியாகக் கழிவறைக்குக் கிளம்பிவிடுவாரோ என்ற கவலையில் பாதி ஓட்டமாகவே வருவாள். பக்கவாதக்காரர்கள் விழுவது பெரும்பாலும் அந்த ஒரு நடையில்தான்.

லிகாயா புன்சலான் பிலிப்பைன்ஸ்காரி. பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகளைப் படிக்கவைத்து முடித்தபோது கல்யாண வயது தாண்டியிருந்தது, அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதும் இல்லை. தூதரகத்தில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள பெய்ஜிங் வந்தாள். அங்கே இருந்தபோதுதான் ஊரில் அவள் அம்மா இறந்துபோனார். குழந்தைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் போக முடியவில்லை. பிறகு அந்தக் குடும்பம் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனது. லிகாயா போகவில்லை. ஹாங்காங்கில் ஒரு முகவர் மூலம் தொழில் விசா வாங்கி, அது தீரும்போதெல்லாம் புதுப்பித்துக்கொண்டு பெய்ஜிங்கிலேயே தங்கிவிட்டாள். அவளைப் போல ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு வரும் பெண்களில் பாதிப் பேருடைய கதை அதுதான்.

லுவான் அம்மா பஞ்சாலையில் துணி சோதிக்கும் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு. எழுபது தாண்டியதும் மூளையில் ரத்தம் கட்டி, வலக்கை வலக்கால் விழுந்து, பேச்சும் போயிற்று. மகன் வெய்தோங் அரசு அலுவலகம் ஒன்றில் நடுத்தர அதிகாரி, தனிக் குடித்தனம். வேலைக்கு வந்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர் கிழவியின் கோபத்தைத் தாங்க முடியாமல் ஓடிய பிறகு, யாரோ சொல்லி லிகாயாவைக் கூட்டிவந்தார். வரும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அடித்தால் பொறுத்துக்கொள்வாளா என்று. லிகாயா, இடக்கையால்தானே அடிப்பார், வலிக்காது என்றாள்.

உண்மையில் வலித்தது. லுவான் அம்மாவுக்கு இடக்கையிலும் ஆலைக்காரியின் பலம் இருந்தது. ஆனாலும் லிகாயா தினமும் அந்தச் செத்த கையை மடக்கி நீட்டினாள், விரல் ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்தாள், குதிகாலில் புண் வராமல் துணியைச் சுருட்டி அணைகொடுத்தாள். பேச்சுப் பயிற்சிதான் வேடிக்கை. லிகாயாவுக்குத் தெரிந்தது சந்தைச் சீனம் மட்டும். குழந்தைகளுக்கான படச்சீட்டுகளை வாங்கிவந்து இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு மொழி தெரியும், நாக்கு வராது. இன்னொருத்திக்கு நாக்கு உண்டு, மொழி வராது. மாதக்கணக்கில் முயன்று லுவான் அம்மாவின் வாயில் முதலில் வந்த முழுச் சொல் "வேண்டாம்" என்பது. அன்று லிகாயா கொண்டாடினாள். மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதையே சொல்லத் தொடங்கியதும் கொண்டாட்டம் குறைந்தது.

அதன் பிறகு வந்த புத்தாண்டுக்குள் பேச்சும் பெரும்பாலும் திரும்பியிருந்தது. அன்று லுவான் அம்மா தடியை ஊன்றிக் கூடத்தைக் கடந்துவந்து விருந்து மேசையில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் முன்னால் லிகாயாவைத் தன் மகளாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஊரில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மகளாகிறவள் மண்டியிட்டு வணங்கித் தேநீர் தரவேண்டும். அம்மா ஒரு கிண்ணமும் ஒரு ஜோடிக் குச்சியும் கொடுக்கவேண்டும், இனி இந்த வீட்டுச் சோறு உனக்கும் உண்டு என்று. லுவான் அம்மா சிவப்புப் பஞ்சுச் சட்டையும் சேர்த்துக் கொடுத்தார். குடியிருப்புக் கமிட்டியின் கெங் அக்கா வாயில் கொழுக்கட்டையோடு, "எழுபத்திமூணு வயசுல பிரசவம், அதுவும் சுகப்பிரசவம். லுவான் அக்கா, உங்க உடம்பு யாருக்கு வரும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வெய்தோங் அன்றிலிருந்து லிகாயாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அதுவரை மற்றவர்களைப் போல 'லுவான் மேஸ்திரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த லிகாயா 'மா' என்று கூப்பிட்டாள்.

லிகாயாவுடன் பூசைக்கு வரும் மரிவிக், ஓட்டலில் பாடுகிறவள். வாய் நீளம். "அக்கா, நீ இதை ரொம்ப மனசுல வெச்சுக்காத," என்றாள். "இவங்க ஊர்ல ஏற்பு அம்மா வெச்சுக்கறது நாம செல்போன் வெச்சுக்கற மாதிரி. எங்க தெரு காய்கறிக்காரனுக்கே மூணு அம்மா இருக்கு."

லிகாயாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஊரில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கிறவள் சும்மா நிற்பதில்லை. பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் பெற்றவளுக்கு முன்னால் ஞானத்தாய்தான் சோற்றுப் பாத்திரத்தோடு நிலையத்தில் போய் நிற்பாள். சாமி முன்னால் ஏற்றுக்கொண்டது என்றால் அது சட்டத்துக்கும் மேலே. இங்கே தேநீரும் கிண்ணமும் சாட்சிக்கு அத்தனை பேரும் இருந்ததால் லிகாயா இதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள். இன்னொரு நாட்டுக்காரி இப்படித் தவறியிருக்கமாட்டாள்.

அவள் அப்படி நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தலைக்குக் குளிப்பாட்டும்போது ஒருநாள் லுவான் அம்மா யாரிடமும் சொல்லாத கதை ஒன்றைச் சொன்னார். அவருடைய அண்ணன் இளவயதில் இந்தோனேசியாவுக்குப் போய்க் கடை வைத்தவர். பிற்பாடு வெளிநாட்டு உறவு என்றாலே சந்தேகப்பட்ட காலத்தில், ஆலைக் கூட்டத்தில் லுவான் அம்மாவை நிற்கவைத்துக் கேட்டார்கள். தனக்கு அண்ணனே கிடையாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் கடைசிவரை கடிதம் போட்டுக்கொண்டிருந்தார், இவர் பதில் போடவே இல்லை. சொல்லிவிட்டு அழுதார். லிகாயா சோப்பு கண்ணில் போகாமல் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் போன காலம் மா என்று சமாதானப்படுத்தினாள். அழுகிறவர் திருந்திவிட்டவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உலக விளையாட்டு நெருங்க நெருங்கக் குடியிருப்புக் கமிட்டிக்கு வேலை கூடியது. ஒவ்வொரு வாசலிலும் சிவப்புக் கைப்பட்டை கட்டிய கிழவர் கிழவிகள் மடக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்க்கவேண்டும். லுவான் அம்மாவுக்கும் ஒரு பட்டை கிடைத்தது. மூன்றாம் மாடியிலிருந்து லிகாயாதான் அவரைத் தாங்கி இறக்கிக் கொண்டுவருவாள். படுக்கையில் கிடந்தவர் வாசலில் காவல் இருக்கிறார் என்பதில் கமிட்டிக்கே பெருமை. பேட்டைச் செய்தித்தாளுக்குப் படம் எடுக்க வந்தார்கள். லிகாயா அவருக்குத் தலைவாரிவிட்டு, பட்டையைச் சரிசெய்து பக்கத்தில் நின்றாள். கெங் அக்கா அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள், வெளிச்சம் மறைக்கிறது என்று. வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டு விருந்தாளிகளிடம் பேச நாலு வார்த்தை ஆங்கிலம் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். கற்றுக்கொடுக்க வேறு ஆள் யார்? மாலையில் வாசல் மரத்தடியில் லிகாயா சொல்ல, பட்டை கட்டிய பத்துப் பன்னிரண்டு பேர் திருப்பிச் சொன்னார்கள். "வெல்கம்" என்பதற்குள் கெங் அக்காவின் பல்செட் கழன்றது. அத்தனை பேருக்கும் தெரியும், லிகாயா மூன்றாம் மாடியில் தங்குகிறாள் என்று. அது காவல் நிலையத்தில் பதிவாகவில்லை என்பதும் தெரியும். யாரும் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

அந்த வசந்தத்தில்தான் ஹாங்காங் முகவர் கடையை மூடினார். இனி விசாவை நீட்டிக்கவேண்டுமென்றால், எந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் நேரில் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லவேண்டும். பூசைக்கு வரும் கூட்டம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. வீட்டுக்காரர்கள் அபராதத்துக்குப் பயந்து அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள். மரிவிக்கும் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டாள். போகும்போது, "உனக்கென்ன, அம்மா இருக்கா," என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதில் குத்தல் இருந்ததா என்று லிகாயா ஆராயவில்லை.

வீடு லுவான் அம்மாவின் பெயரில் இருந்தது. அவர் வந்து, இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள், எனக்கு வேண்டியவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லிகாயா கேட்டபோது அம்மா கீரையும் முட்டையும் போட்ட கொழுக்கட்டையை மென்றுகொண்டிருந்தார். விழுங்கி முடித்துவிட்டு, "இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கற? நானே நடந்து வர்றேன். இந்தக் காலை யார் குடுத்தது?" என்றார்.

காவல் நிலையத்தின் முன்னால் கைப்பிடியில்லாத சில படிகள் உண்டு. லுவான் அம்மா ஏறிப் பழகாத உயரம். லிகாயா போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாடிப்படியில் அவர் தானே ஏறி இறங்கப் பயிற்சி ஆரம்பித்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். லுவான் அம்மா மூச்சு வாங்கினாலும் நிறுத்தவில்லை. சொல்லவேண்டியதைக்கூட இருவருமாகப் பேசிப் பார்த்தார்கள். 'ஏற்பு மகள்' என்று சொல்லலாமா, 'விருந்தாளி' என்று சொல்லலாமா என்று லிகாயா கேட்டாள். மகள் என்றே சொல்லலாம் என்றார் அம்மா. அந்த வாரம் லிகாயா அவருக்குப் பிடித்த பன்றி விலாவைப் புளிப்புச் சூப்பாக வைத்துக் கொடுத்தாள். புளி கிடைக்காத ஊரில் காட்டு ஆப்பிளை வேகவைத்துப் புளிப்பு எடுப்பது அவளே கண்டுபிடித்த வழி.

நிலையத்திலிருந்தே அழைப்பு வந்தது. இருவரும் நேரில் வரவேண்டும் என்று. கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்களே என்று லிகாயாவுக்குக் கொஞ்சம் வியப்பு. கமிட்டி மூலம் வெய்தோங் ஏற்பாடு செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டாள். லுவான் அம்மா நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதன்மேல் கைப்பட்டையையும் கட்டச் சொன்னார். படிகளை நன்றாகவே ஏறினார்.

உள்ளே கெங் அக்காவும் உட்கார்ந்திருந்தாள். இளம் அதிகாரி மரியாதையானவர். கிழவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். லுவான் அம்மாவுக்குத் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே நின்றுகொண்டார். லிகாயா அவர் வலக்கையின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இவங்க உங்க வீட்டுலயா தங்கியிருக்காங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல," என்றார் லுவான் அம்மா. "காலையில வந்து வீட்டைத் துடைச்சிட்டுப் போறவ. ராத்திரி எங்க படுக்கறான்னு எனக்குத் தெரியாது."

லிகாயாவின் காதில் முதலில் விழுந்தது உச்சரிப்புதான். ஒரு எழுத்தும் குழறவில்லை. நீளமான வாக்கியத்தில் பின்பாதி தேய்ந்துபோகும் பழக்கம் அவருக்கு இன்னும் இருந்தது. இது தேயவில்லை. எங்கேயோ சொல்லிப் பழகியிருக்கிறார் என்று அவள் தொழில் அறிவு சொன்னது. அர்த்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"மா," என்றாள். "என் சட்டை உங்க கொடியில காயுது."

லுவான் அம்மா சுவரைப் பார்த்தார். சுவரில் விளையாட்டுக்கான சுவரொட்டி இருந்தது.

அதிகாரி கெங் அக்காவைப் பார்த்தார். அவள் சங்கடப்படவில்லை. "லுவான் அக்கா போன வாரமே கமிட்டிக்கு வந்து சொல்லிட்டாங்களே. பதிவில்லாத ஒருத்தி வந்து போறா, நீங்களே பாத்துக்குங்கன்னு. அவங்க ரொம்ப நேர்மையான மனுஷி," என்றாள்.

போன வாரம். லிகாயா அப்போது சோயாப் பால் வாங்கப் போயிருக்கவேண்டும். கமிட்டி அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாடிப்படியில் தனியாக இறங்க அவள் சொல்லிக்கொடுத்த முதல் நாளோ, மறுநாளோ.

மீதி விரைவாக முடிந்தது. விசாவை நீட்டிக்க முடியாது. அது தீருவதற்குள் நாட்டை விட்டுப் போய்விடவேண்டும். முதியவர் தானே முன்வந்து சொன்னதால் வீட்டுக்கு அபராதம் இல்லை. கெங் அக்கா வேறு வேலை இருப்பதாகச் சொல்லி முன்னால் போய்விட்டாள்.

ஒரு பெரிய சாலையைக் கடந்து வீட்டுக்குப் போகவேண்டும். லுவான் அம்மாவால் தனியாகக் கடக்க முடியாது. லிகாயா மறுபடியும் கையின் அடியில் கையைக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு அம்மாவும் மகளும் காற்றுவாங்கப் போவது போல இருந்திருக்கும். பாதசாரி விளக்கு மாறும்போது மட்டும் லிகாயா, இருங்கள் என்றும் வாருங்கள் என்றும் சொன்னாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்காரவைத்ததும் லுவான் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விளையாட்டு முடிஞ்சதும் வந்துடு. எல்லாம் பழையபடி ஆயிடும். பெத்தவ மேல மகளுக்கு இவ்வளவு கோபம் ஆகுமா?"

"மகள்னு அங்க சொல்லல. இங்க சொன்னா இந்த நாலு சுவருக்குத்தான் கேக்கும்."

"வெய்தோங்குக்குப் பதவி உயர்வு வருது. வீட்டுல வெளிநாட்டுக்காரி ஒளிஞ்சிருக்கான்னு யாராவது எழுதிப் போட்டா என்ன ஆகும்? உனக்கு என்ன தெரியும் அந்தக் காலத்தைப் பத்தி? நான் பயந்துட்டேன்டி."

"எனக்கும்தான் பயமா இருந்தது. நான் உங்க கையைப் புடிச்சிட்டு நின்னேன்."

லுவான் அம்மா கையை விட்டார். பிறகு வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார், மதியத்துக்கு என்ன என்று. லிகாயா நூடுல்ஸ் செய்தாள். அந்த வீட்டில் அவளுக்குக் கொடுத்த கிண்ணத்தில் அன்று சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

மறுநாள் வெய்தோங்கை வரவழைத்தாள். அவர் வாசலிலேயே, அம்மா மனம் உடைந்துபோயிருக்கிறார், தங்கச்சி தப்பாக நினைக்கக் கூடாது என்று தொடங்கினார். முன்கூட்டித் தெரியுமா என்று லிகாயா கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நோயாளியைக் கைமாற்றிக் கொடுக்காமல் போவது அவள் கற்ற தொழிலுக்கு ஆகாது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளச் சொல்லி, கட்டிலிலிருந்து தூக்குவது எப்படி என்று காட்டினாள். அக்குளில் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நம் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுக்கவேண்டும். குதிகாலைத் தினமும் பார்க்கவேண்டும், சிவந்திருந்தால் அழுத்தம் படக் கூடாது. வெய்தோங் முதல் தடவை அம்மாவைக் கட்டிலில் பொத்தென்று போட்டார்.

"மூட்டைன்னு நெனச்சியாடா என்னை?" என்று கத்தினார் லுவான் அம்மா. பிறகு, "லி, நீ வந்து புடி. இவன் கை சில்லுனு இருக்கு," என்றார்.

"அவரே புடிக்கட்டும், மேஸ்திரியம்மா. பழகிடும்," என்றாள் லிகாயா.

அந்தப் பெயர் கேட்டு வெய்தோங் நிமிர்ந்து பார்த்தார். அவர் அம்மா பார்க்கவில்லை. மறுபடியும் தூக்கச் சொன்னாள் லிகாயா. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

விசா தீருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். கிளம்பிய அன்று வாசலில் ஆங்கிலம் கற்ற மாணவ மாணவிகள் முக்காலியில் இருந்தார்கள். ஒருவர் பெட்டியைக் கார் வரை தூக்கிவந்தார். ஒருத்தி வழிக்குச் சாப்பிட எள் மிட்டாய் கொடுத்தாள். எங்கே போகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊரில் கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு, ஹாங்காங் பக்கத்திலுள்ள மக்காவு நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முறையான அனுமதி, சீருடை, பெயர்ப்பட்டை எல்லாம் உண்டு. வெய்தோங்கின் அழைப்பு வந்தபோது விளையாட்டு முடிந்து குளிர்காலம் ஆரம்பித்திருந்தது. அவருக்கு எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. மரிவிக் கொடுத்திருக்கலாம்.

அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார் என்றார். எலும்பு முறியவில்லை, ஆனால் படுத்துவிட்டார். வேலைக்கு வைத்த பெண் போய்விட்டாள். இப்போது கெடுபிடி எல்லாம் தளர்ந்துவிட்டது, பதிவு செய்வது சுலபம், அம்மாவே நாற்காலியில் உட்கார்ந்து நிலையத்துக்கு வருவதாகச் சொல்கிறார், யாரிடம் வேண்டுமானாலும் மகள் என்று சொல்வாராம். பயணச்சீட்டு அனுப்பட்டுமா?

தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா என்று லிகாயா கேட்டாள். ஆமாம், ரொம்ப இருமுகிறார் என்றார் வெய்தோங். அப்படியானால் வெறும் தண்ணீர் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தாமரைக் கிழங்கு மாவைக் கரைத்துக் கஞ்சிபோலக் கெட்டியாக்கிக் கரண்டியால் கொடுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி. கொடுத்த பிறகு உடனே படுக்கவைக்காதீர்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொன்னார், தவறிய இடத்தில் அவள் திருத்தினாள்.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. உங்கிட்ட பேசணும்னு கைய நீட்டறாங்க. குடுக்கட்டுமா?"

லிகாயாவின் எதிரில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிண்ணத்தில் மீன் கஞ்சியின் மேல் ஏடு கட்ட ஆரம்பித்திருந்தது.

"வேண்டாம். இங்க ஒருத்தருக்கு ஊட்டிட்டிருக்கேன், ஆறிடும்," என்று சொல்லிப் போனை வைத்தாள். ஏட்டை ஒதுக்கிவிட்டு, அடுத்த கரண்டியைக் கலக்கி ஊட்டினாள்.